நாலாவது ஆளும் ஓடிவிடக் கூடாது

பெயர், ஊர், உத்தியோகம் எல்லாம் போட்டு, ஒன்பது குற்றங்களையும் வரிசையாக எழுதி முடித்த பிறகுதான், 'வணக்கம்' சொல்ல மறந்துபோனது செல்லக்கண்ணுவுக்கு ஞாபகம் வந்தது. மேலே போய்ச் செருகத் தெரியவில்லை. கர்சர் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. சரி என்று, கடைசியில் தன் பெயருக்குக் கீழே ஒரு 'வணக்கம்' தட்டி அனுப்பிவிட்டார்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டர் பசவராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏன் சார், வணக்கத்தக் கடைசில போட்டா 'போயிட்டு வாங்க'ன்னு ஆகாதா?"

"ஆகுமா?"

"ஆகும் சார். அதும் ஒம்பது தப்பு சொன்னதுக்கு அப்புறம்!"

போன கடிதத்தைத் திரும்ப இழுக்க வழி உண்டா என்று செல்லக்கண்ணு கேட்டார். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். கவிதைப் பைத்தியங்கள் நூற்றுச் சொச்சம் பேர், சிங்கப்பூர், துபாய், சென்னை என்று எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, ஈமெயிலில் கவிதை அனுப்பிக்கொள்ளும் ஒரு குழு. நடத்துகிறவர் சிங்கப்பூர் ரவிக்குமார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது முதல்முதலாகக் கவிதை அனுப்பினால், பழைய ஆள் ஒருவர் அவருக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டும். முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு கவிதையில் நிறை ஒன்று, குறை ஒன்று.

செல்லக்கண்ணு மைசூரில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க். வந்து இறங்கும் சாமானில் கீறல் எங்கே, நெளிசல் எங்கே என்று தேடியே இருபத்தாறு வருஷம் பழகிய கண். கவிதையையும் அப்படித்தான் பார்ப்பார். நிறை தெரியாமல் இல்லை. நல்ல சாமானைப் பற்றி யாராவது குறிப்பு எழுதுவார்களா?

இதுவரை மூன்று பேரை வரவேற்றிருக்கிறார். மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். 'நாலாவது ஆளும் போனால் நீங்களும் குழுவில் வேண்டாம் ஐயா' என்று ரவிக்குமார் எழுதிவிட்டார். ஃபேக்டரியில் கன்னடம், பஸ்ஸில் கன்னடம், வீட்டில் பிள்ளைகளும் தங்களுக்குள் கன்னடம். கவிதை என்று அவர் வாய் திறக்க இருந்தது அந்த ஒரே இடம்தான்.

நாலாவது ஆள், மாதம்மா. இதே மைசூர். கவிதை இது:

மழை வந்தது.
குடை வந்தது.
பஸ் மட்டும் வரவில்லை.

மூன்று வரியில் ஒன்பது குற்றமா என்று கேட்காதீர்கள். 'வந்தது' இரண்டு முறை வருவது மூன்றாவது குற்றம். பஸ் நம்பர் இல்லாதது நாலாவது.

மறுநாள் பதில் வந்தது. 'முதலில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாகிவிடும். மனம் தளரக் கூடாது.'

"பாவம் பசவராஜ், தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்குது அந்தம்மா."

"அழுதிருப்பாங்க சார்."

ஓடுவதற்குள் பிடித்து நிறுத்த வேண்டுமே! அங்கேயே உட்கார்ந்து புகழ ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை, அளவு தெரியவில்லை. 'இப்படி ஒரு கவிதையை என் ஆயுசில் கண்டதில்லை' என்று தொடங்கி இரண்டு பக்கம் போயிற்று.

அந்த வாரமே மாதம்மாவிடமிருந்து பதினொரு கவிதைகள் வந்து இறங்கின. கூடவே, 'இப்போதுதான் உங்களுக்குப் பேச வந்திருக்கிறது, சந்தோஷம். இவற்றையும் பாருங்கள். நீங்களும் ஒன்று எழுதி அனுப்புங்களேன்.'

செல்லக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. "யாரு யாரைக் கேக்கறது பாத்தீங்களா? நேத்து வந்தவங்க!"

"நீங்க எழுத மாட்டீங்களா சார்?"

செல்லக்கண்ணு சென்டர் காசை எண்ணி வைத்துவிட்டு எழுந்தார். வீட்டு பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் நாலு நோட்டு நிறையக் கவிதை இருக்கிறது. குழுவுக்கு ஒன்றுகூட அனுப்பியதில்லை. யாராவது குற்றம் சொல்லிவிட்டால்?

பதினொன்றில் இரண்டு தேறும். மற்றதை எப்படிச் சொல்வது? சாப்பிடும்போது மனைவி உமாதேவியிடம் யோசனை கேட்டார்.

"ஏனுங்க, இதுக்கா இத்தன ரோசன? புதுசா வந்த மருமகளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. கொழம்பு அருமைம்மா, உப்பு மட்டும் துளி தூக்கல். அவ்வளவுதான்."

"நான் உனக்கு அப்படியா சொல்றேன்?"

"நீங்க இருவத்திரண்டு வருசமா உப்ப மட்டுந்தானுங்க சொல்றீங்க. கொழம்பப் பத்தி இன்னும் ஒரு வார்த்த வரல." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

செல்லக்கண்ணு சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷர். 'கவிதைகள் அருமை. உப்பு மட்டும் துளி தூக்கல்' என்று எழுதினார்.

'எந்த உப்பு? உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?' என்று கேட்டு வந்தது.

விளக்க வேண்டாமா? விளக்கினார். 'தவறாக நினைக்காதீர்கள். உங்களை என் மருமகளாக நினைத்து எழுதிவிட்டேன்.'

"மருமகளா!" பசவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார், அவங்க வீட்டுக்காரர் படிச்சா என்ன கதி?"

அதோடு சரி. ஒன்பது நாள் ஒரு எழுத்து வரவில்லை. பத்தாம் நாள் ரவிக்குமாரிடமிருந்து மட்டும் இரண்டே வார்த்தை: 'மாதம்மா எங்கே?'

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நல்ல மழை. குடையை விரித்தார். முக்கால் மணி நேரம் நின்றார். வாய் தானாக முணுமுணுத்தது. மழை வந்தது, குடை வந்தது. இரண்டாவது 'வந்தது'வை எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். கவிதை பொத்தென்று விழுந்துவிட்டது. திரும்ப வைத்தார், எழுந்து நின்றது. ஈரத்தில் கால் விறைத்துப்போய் நின்ற மனுஷருக்கு அந்த மூன்று வரி அவ்வளவு துணையாக இருந்தது. குழு போனால் போகட்டும், இதை அந்தம்மாவிடம் நேரில் சொல்லியாக வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு நஞ்சன்கூடு வாழைப்பழத்தோடு தேவராஜ மொஹல்லாவுக்குப் போனார். மாதம்மாவின் ஒவ்வொரு கடிதத்துக்குக் கீழும் விலாசம் இருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், மாடியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட். பாதிப் படியில் நின்றுவிட்டார். மருமகள் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது?

கதவைத் திறந்தவர் கையெல்லாம் ரிப்பன் மசி. "வாங்க, டைப்பிங்கா, கம்ப்யூட்டரா?"

"மாதம்மாவைப் பாக்கணுங்க. கவிதைக் குழு விசயமா…"

"அட, என் சம்சாரந்தானுங்க. என் பேரு சென்னிமலை. மழையில போன் லைன் போயிப் பத்து நாளாச்சு. கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வர மாட்டேங்குது. சோறு தண்ணி எறங்கல அவளுக்கு. குழுவுல வர்ற கவிதையெல்லாம் ஒரு வருசமா ஒரு நாள் விடாம உக்காந்து படிச்சவளாச்சே!"

ஒரு வருஷமா? செல்லக்கண்ணுவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கவிதை வந்தே ஒரு மாசம் ஆகவில்லையே. குழப்பத்தில், வழக்கப்படி முதலில் தன்னைப் பற்றியே சொன்னார்.

"என் பேரு செல்லக்கண்ணுங்க. ஃபேக்டரியில ஸ்டோர்ஸ் கிளார்க்."

சென்னிமலையின் முகம் மலர்ந்தது. பழத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே திரும்பிக் கூவினார்:

"மாதம்மா, ஓடியா! பேரு, ஊரு, வேலையெல்லாம் எழுதி உங்கிட்ட வந்து சேந்தாரே, ஒரு கவிதகூட எழுத வராத அந்தப் புது ஆளு, பயந்து ஓடிருவாரோன்னு நீ ஒரு மாசமாத் தேத்திக்கிட்டிருந்தியே, அவரு வாசலுக்கே வந்துட்டாரு!"