எரிமலைப் பக்கம் திரும்பிய கல்யாணக் கார்

விக் பள்ளிக்கூடம்,
சனிக்கிழமை காலை

மதிப்பிற்குரிய சம்பந்தி ஆஸ்கெர்தூர் அம்மாளுக்கு, மணமகனின் தகப்பன் ஸ்டெயின்தோர் பணிவோடு எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். கார் நலமில்லை.

இன்று மூன்று மணிக்குத் தங்கள் ஊர்த் தேவாலயத்தில் தங்கள் மகள் ஸ்வான்லாகுக்குக் கல்யாணம் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்காகத்தான் நேற்று விடியலிலேயே என் மகன் ஹால்வாரையும், கல்யாணம் செய்துவைக்க வேண்டிய பாதிரியார் பிராகியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் பாதிரியார் காற்று எந்தப் பக்கம் என்று பாராமல் கதவைத் திறந்தார். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்க் கடலில் போட்டது. கதவில்லாத பக்கம் மாப்பிள்ளை உட்கார்ந்து வந்ததில், கருமணல் அடித்துக் கல்யாணக் கோட்டு கந்தலாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை, அம்மா! திடீரென்று பனிமலை உச்சியில் கரும்புகை எழும்பிற்று பாருங்கள், அடடா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "அப்பா, நேரா போங்க. ஸ்வான்லாக் என்னைக் கொன்னே போடுவா" என்று மகன் கெஞ்சினான். பாதிரியாரோ, "தம்பி, கல்யாணத்தை நாளைக்கும் வச்சுக்கலாம். இது அணைஞ்சுபோச்சுன்னா யாரு திரும்பக் கொளுத்துவா?" என்றார். காரைத் திருப்பியது அவர்தான். ஸ்டியரிங் மட்டும்தான் என் கையில் இருந்தது. ஐஸ்லாந்தில் பிறந்துவிட்டு எரிமலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போக மனசு வருமா, நீங்களே சொல்லுங்கள்! அங்கே பாதி ஜில்லாவே பிளாஸ்க்கில் காபியோடு நின்றது. பாதிரியார் கைதட்டினார்.

அப்புறம்தான் வினை. சூட்டில் உருகிய பனி வெள்ளமாக இறங்கி, தங்கள் ஊருக்குப் போகும் பாலத்தையும் டெலிபோன் கம்பியையும் வாரிக்கொண்டு போய்விட்டது. எங்களைத் தங்கவைத்திருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தில் மகன் சூப்பைக்கூடத் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். "அவ இனிமே என் மூஞ்சியில முழிக்க மாட்டாப்பா" என்கிறான். ஆற்றில் இறங்கிக் கடக்கும் மீட்புக் குழுவின் பெரிய சக்கர லாரி அக்கரைக்கு மருந்தும் தபாலும் மட்டும் கொண்டுபோகிறது. அதில் இக்கடிதம் வரும். தாங்கள்தான் ஸ்வான்லாகிடம் பக்குவமாகச் சொல்லி, கோபத்தில் அவள் மோதிரத்தைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலம் போயிற்று என்று மட்டும் சொல்லுங்கள். எரிமலை பார்த்ததைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

ஆண்டவர் தங்கள் வீட்டையும் ஆடுகளையும் தங்கள் பொறுமையையும் காப்பாராக.

இன்னும் சம்பந்திதான் என்று நம்பும்,
ஸ்டெயின்தோர்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் வாசலில் ஒரே சிரிப்பு. பார்த்தால், முகமெல்லாம் சாம்பலோடு ஸ்வான்லாக்! தோழி வீட்டில் தூங்குவதாகத் தங்களிடம் சொல்லிவிட்டு, பாலம் போவதற்கு முன்பே எரிமலை பார்க்க இந்தக் கரைக்கு வந்துவிட்டாளாம். "மாமா, நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்கன்னு அம்மாவுக்கு எழுதிடுங்க" என்கிறாள். ஆகவே நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மணிக்கு இங்கேயே கல்யாணம். லாரி திரும்பும்போது காலியாகத்தான் வருமாம். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஏறிவிடுங்கள். சீக்கிரம், அம்மா! பாதிரியார் மலைப் புகையைப் பார்த்துக்கொண்டே கார்ச் சாவியைத் தேடுகிறார்.