எலும்பு செய்த தாய்மாமன்

திண்டுக்கல்லில் இதுவரை அதிகம் பேரின் தோலை உரித்து எலும்பைத் தனியாக எடுத்தவன், நாங்கள் 'எலும்பு' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் எங்கள் சிநேகிதன்தான். பிரியாணிக் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இவன் உரித்தது மனிதர்களை. ஒரு சொட்டு ரத்தம் சிந்தியதில்லை.

நானும் அவனும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர்கள். மதியம் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்தால் அவன் வீடியோ கேமைத் திறப்பான். விளையாட அல்ல. கேமின் கோப்புகளை டீகம்பைல் செய்து, அதாவது பாகம் பாகமாகக் கழற்றி, உள்ளே இருக்கும் போர்வீரர்களை வெளியே இழுத்துப் போட்டு, கவசம் வேறு, தோல் வேறு, எலும்புக்கூடு வேறு என்று பிரித்து வைப்பான். பிறகு தனக்குப் பிடித்த மாதிரி மாற்றித் திரும்பவும் கேமுக்குள் அனுப்பிவிடுவான். அவன் கைபட்ட ராட்சசன் ஒருவன் சுங்குடிச் சேலையில் முண்டாசு கட்டிக்கொண்டு கோட்டையைக் காவல் காத்தான்.

"தோலு சும்மா படம் மாப்ள. உள்ள எலும்பு இருக்கு பாரு, அதுதான் ஆளு" என்பான். அதே கண்ணோடுதான் ஊரையும் பார்ப்பான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒனக்கு எடது தோளு செத்த எறங்கியிருக்கே, தெரியுமா?" பெயரைக்கூடக் கேட்கவில்லை, கிராதகன்.

ஒருநாள் சின்னாளப்பட்டியிலிருந்து ஓர் அக்கா கடைக்கு வந்து அழாத குறையாக நின்றார். மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் வர மாட்டேன் என்கிறார். எல்லாம் முன்பு வீடு குடிபோனபோது வேறொரு கடையில் அடித்த பேனரால் வந்த வினை. அக்காவின் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கால் சூம்பியிருக்கும். கம்பு ஊன்றித்தான் நடப்பார். அந்தக் கடைக்காரர் அவர் முகத்தை வெட்டி யாரோ ஒரு பயில்வானின் உடம்பில் ஒட்டிவிட்டார்.

"டீக்கடையில 'கால் எப்பப்பா சரியாச்சு'ன்னு கேட்டுச் சிரிச்சிருக்காய்ங்க தம்பி. 'என் கால ஒளிச்சு வைக்கிற வீட்டுக்கு நான் எதுக்கு'ன்னு உக்காந்துட்டாரு. அவரு மடியில்லாம எம்புள்ளைக்கு எப்பிடிக் காது குத்துறது? இந்தப் பேனர்லயாச்சும் அவர அவராவே நிக்க வையுங்க."

முழு உருவப் போட்டோவுக்கு அந்த அண்ணன் நின்றதே இல்லை. கையில் இருந்தது பாஸ்போர்ட் சைஸ் மட்டும்.

எலும்பு மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சின்னாளப்பட்டிக்கு பஸ் ஏறினான். அந்த மாமாவின் பெட்டிக்கடைக்கு எதிரே நின்று அவர் காலையே வெறித்திருக்கிறான். "யாருலே நீ? என் கால்ல என்னலே படமா ஓடுது?" என்று அவர் கம்பை ஓங்கி விரட்ட, இவன் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி சிரித்துக்கொண்டு திரும்பினான்.

"கம்ப ஓங்குறப்ப வெயிட்டு எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டேன் மாப்ள! ராசா மாதிரி நிக்கிறாருடா மனுசன்!"

ஈட்டி ஊன்றி நிற்கும் ஒரு தளபதியைக் கேமிலிருந்து உரித்தான். ஒரு கால் எலும்பை மெலிய வைத்தான். இடுப்பைச் சாய்த்தான். ஈட்டி போய்க் கம்பு வந்தது, கவசம் போய்ப் பட்டு வேட்டி வந்தது. மேலே மாமாவின் முகம். எட்டிப் பார்த்த முதலாளி பதறிப்போனார்.

"நல்ல நாளும் அதுவுமா பேனர்ல கம்பு எதுக்குடா? எடுத்துரு."

"கம்ப எடுத்தா ஆளு விழுந்துருவாருண்ணே."

விசேஷத்துக்கு முதல்நாள் பேனர் ஊர் முகப்பில் ஏறியது. மறுநாள் காலையில் நாங்களும் பந்தலில் போய் உட்கார்ந்தோம். காது குத்தும் ஆசாரி தயாராக இருந்தார். அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடிக்கொருதரம் எழுந்து தெருவை எட்டிப் பார்த்தேன். எலும்பு மட்டும் வருகிறவர்களின் முழங்கால்களை நிதானமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

கம்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. புது வேட்டியில் மாமா. நேராக எங்களிடம் வந்தார்.

"அன்னைக்கு என் கால மொறச்சவன் நீதானலே?"

எலும்பு எழுந்து ஓடத் தயாரானான்.

"காலு சரியாத்தான் இருக்கு. மீசையத்தான் கொறச்சுப்புட்ட" என்றவர், போய்ச் சம்மணமிட முடியாத காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளைக்காகக் கையை விரித்தார். பிள்ளை வீறிட்டது. அக்கா அதைவிடச் சத்தமாக அழுதார்.

என் கல்யாணப் பேனரையும் எலும்புதான் செய்தான். போட்டோக்காரர்கள் "நிமிருங்க சார்" என்று தூக்கிவிடும் என் இடது தோள், அதில் இறங்கியபடியே இருக்கிறது. ஆல்பத்தில் மாப்பிள்ளை அழகாகத்தான் இருக்கிறான். ஆனால் எனக்கு என்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தால், பரணிலிருந்து எலும்பு செய்த அந்தப் பேனரைத்தான் இறக்கி விரிப்பேன்.