பதினொரு வினாடி இடையூறு

இசை ஒலிக்கும்போது மனிதர்கள் தலையை நிமிர்த்துகிறார்களா என்று கவனித்துக் குறித்துக்கொள்வது என் வேலை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஹார்க்ரோவ் கேட்புநர் ஆய்வகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். என் அடையாள அட்டையில் 'ஆர்லோ பிக்கன்ஸ், தலைக் கண்காணிப்பாளர், இரண்டாம் நிலை' என்று இருக்கும். முதல் நிலையில் ஒருவர் இருந்தார். பணி நேரத்தில் ஒரு பாட்டுக்குத் தாளம் போட்டது நிரூபிக்கப்பட்டதால் அவர் விலக்கப்பட்டார். அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை.

எங்கள் ஊரில் ஒரு ஸ்மூத் ஜாஸ் பாட்டு, அதாவது பின்னணியில் மெல்ல ஓடுவதற்கென்றே செய்த பாட்டு, வானொலிக்குப் போகுமுன் எங்களிடம் வந்தாக வேண்டும். அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. எங்கள் சான்று இல்லாத இசை வட்டை எந்த நிலையமும் கையால் தொடாது, அவ்வளவுதான். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல் கூடத்தில் நாற்பது பேரை உட்காரவைப்போம். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், சொந்தக் கார் உள்ளவர்கள், பல் மருத்துவரிடம் தவறாமல் போகிறவர்கள். ஆளுக்கு ஒரு வான்கோழி சாண்ட்விச், ஒரு குறுக்கெழுத்துப் புதிர், சோப்பு டப்பா அளவில் திருகு வைத்த ஒரு பெட்டி. பாட்டு ஓடும். புதிரை நிரப்பியபடியே, பிடித்தால் திருகை வலப்பக்கமும் பிடிக்காவிட்டால் இடப்பக்கமும் திருப்புவார்கள். யாராவது புதிரிலிருந்து தலையைத் தூக்கினால் நான் ஒரு கோடு போடுவேன். மூன்று கோடு வரை மன்னிப்பு உண்டு. நாலாவது கோடு விழுந்தால் 'இப்பாடல் கேட்கப்படும் அபாயம் உள்ளது' என்ற முத்திரையோடு பாட்டு திரும்பிப் போகும்.

ஒன்பது ஆல்பங்களில் ஒரு கோடுகூட வாங்காத ஒரே மனிதர் வென்டல் டார்ப்லி. கீபோர்டு வாசிப்பவர். 'கடலோர மாலை', 'மாலையில் கடலோரம்', 'இன்னும் சற்று மாலை' எல்லாம் அவருடையவைதான். எல்லா அட்டையிலும் வெள்ளை உடையில், காலணியைக் கையில் பிடித்தபடி மணலில் நிற்பார். அவருடைய மூன்றாவது ஆல்பம் ஓடியபோது நாற்பது பேரில் ஆறு பேர் தூங்கிவிட்டார்கள். அந்த அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம்.

அவருடைய பத்தாவது ஆல்பம் 'மாலை தங்கும்' சோதனைக்கு வந்தது. முதல் ஐந்து பாட்டுக்கும் என் தாள் வெள்ளையாகவே இருந்தது. ஆறாவது பாட்டின் பெயர் 'டெலீஸுக்கு'. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி வரை அதுவும் ஒழுங்காகத்தான் போனது. பிறகு சாக்ஸபோன் நின்றது. தாள இயந்திரமும் நின்றது. வென்டலின் இடது கை, சேரக் கூடாத நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்தியது. திரும்பவும் அழுத்தியது. வலது கை, இருட்டு வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவன் மாதிரி, ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. மொத்தம் பதினொரு வினாடி. அதற்குப் பிறகு சாக்ஸபோன் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

முப்பத்தெட்டுத் தலைகள் நிமிர்ந்தன. ஒருவர் பென்சிலைக் கீழே வைத்தார். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் அழுதார். எங்கள் படிவத்தில் அழுகைக்குக் கட்டம் கிடையாது. 'இடையூறு, இதர' என்பதில் சேர்த்தேன். முப்பத்தொன்பதாவதாக என் தலையும் நிமிர்ந்தது. அதற்கு நான் கோடு போடவில்லை.

மறுநாள் வென்டலை அழைத்திருந்தார்கள். எங்கள் தலைவி பிளைத் ஹார்க்ரோவ் வரைபடத்தை மேசைமேல் விரித்தார்.

"இங்க பாருங்க வென்டல். பதினொரு வினாடி. திருகு ஒரு நூல் அசையல. ஈர்ப்பு பூஜ்யம்."

"அழுதாங்கன்னு ஆர்லோ சொன்னாரே மேடம்."

"அழுதவங்க திருகைத் திருப்பலையே."

"திருகை மறந்துட்டாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். திருகையே மறக்கடிக்கிற பாட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? உங்க இசையோட ஈர்ப்பே அது யாரையும் ஈர்க்காததுதான். இருபது வருஷமா அந்தப் பேரைக் கெடுத்துக்காம இருந்தீங்க. இப்ப எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

வென்டல் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "டெலீஸ் என் பொண்ணு. இருபத்தாறு வயசு. என் பாட்டு ஓடுற வீட்டுலயே வளர்ந்தவ. நான் வாசிச்சா போன் பேசுவா, நகம் வெட்டுவா, கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடுவா. ஒரு தடவைகூடத் தலை தூக்கிப் பார்த்ததில்ல. நான் சாகறதுக்குள்ள அவ ஒரு தடவை பார்க்கணும். அதுக்குத்தான் வாசிச்சேன்."

"அவ்வளவுதானே? வீட்டுல வாசிச்சுக் காட்டுங்க."

"வீட்டுல வாசிச்சா அப்பா வாசிக்கிறார்னு விட்டுடுவா. ஆல்பத்துல வரணும் மேடம். எங்கயோ போயிட்டிருக்கும்போது காதுல விழணும்."

"காதுல விழக் கூடாதுன்னுதான் இந்த ஆபீசே இருக்கு" என்றார் ஹார்க்ரோவ். கோபம் இல்லை. ஒரு விதியை வாசித்துக் காட்டுகிறவர் மாதிரி சொன்னார்.

பதினொரு வினாடியும் வெட்டப்பட்டது. இரண்டாம் சோதனையில் அதே இடத்தில் ஐந்து பேர் நிமிர்ந்தார்கள். அந்த இடத்துக்கு முன்னால் வரும் பகுதி ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பைத் தூண்டுவதாகக் குழு கண்டறிந்தது. எனவே முன்பகுதி வெட்டப்பட்டது. பின்பகுதி ஏதோ நடந்து முடிந்துவிட்டது என்ற ஏக்கத்தைத் தருவதாக அடுத்த அறிக்கை சொன்னது. அதையும் வெட்டினோம். மிஞ்சியது நாற்பது வினாடியும் பாட்டின் பெயரும். பெயரில் ஒரு குறிப்பிட்ட நபர் தென்படுவதால் அதையும் மாற்றும்படி குறிப்பு வந்தது.

மூன்றாம் சோதனையில்தான் நான் தவறு செய்தேன். வட்டு மாறிவிட்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய 'கடலோர மாலை'யின் முதல் பாட்டைப் போட்டுவிட்டேன். பாட்டு முடியும்வரை யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். ஒரு தலையும் நிமிரவில்லை. ஈர்ப்பு எண்பத்தெட்டு. 'புதுமை' என்ற கட்டத்தில் தொண்ணூற்று நாலு. ஆய்வக வரலாற்றில் அதுதான் உச்சம்.

நான் போய் ஒப்புக்கொண்டேன். ஹார்க்ரோவ் வென்டலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆறாவது பாட்டு கிடைச்சிடுச்சு."

"அது பழசு மேடம். பல் டாக்டர் எல்லார் கிளினிக்லயும் ஓடித் தேய்ஞ்சது."

"நாற்பது பேர் புதுசுன்னு சொல்றாங்க. அவங்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?"

"நான்தானே வாசிச்சேன்?"

"அதனாலதான் உங்க கருத்து சார்புடையது" என்றார் ஹார்க்ரோவ்.

வென்டல் என் பக்கம் திரும்பினார். "ஆர்லோ, நீயாவது சொல்லுப்பா. அந்தப் பதினொரு வினாடி எப்படி இருந்துச்சு?"

ஹார்க்ரோவும் என்னைப் பார்த்தார். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. "முப்பத்தெட்டுக் கோடு" என்றேன்.

வென்டல் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தொப்பியைச் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினொரு வினாடி எங்காவது ஒரு மூலையில் இல்லாவிட்டால் ஆல்பத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். வானொலி நிலையங்கள் காத்திருந்தன. ஹார்க்ரோவ் ஒழுங்குமுறைப் புத்தகத்தை வரவழைத்து ஒரு மணி நேரம் படித்தார். ஆறாம் பிரிவின்படி கடைசிப் பாட்டு முடிந்ததும் சோதனை முடிகிறது. அதற்குப் பிறகு வட்டில் என்ன இருந்தாலும் அது பாட்டாகக் கருதப்படாது. ஆகவே கடைசிப் பாட்டு முடிந்து, நாலு நிமிட மௌனம் விட்டு, அந்தப் பதினொரு வினாடியைச் சேர்க்க அனுமதி வழங்கப்பட்டது. அட்டையில் குறிப்பிடக் கூடாது. இடைவெளி கால் வினாடிகூடக் குறையக் கூடாது.

'மாலை தங்கும்' வெளிவந்தது. பதினேழு வாரம் முதலிடம். ஒரு விமர்சகர், ஆறாவது பாட்டில் வென்டல் டார்ப்லி இதுவரை தொடாத உயரத்தைத் தொட்டிருப்பதாக எழுதினார். ஆண்டின் சிறந்த புதிய பாடல் விருதும் அதற்கே கிடைத்தது. மேடையில் வென்டல் அதை வாசித்தார். வாசிக்கும்போது அவரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் ஓட்டல் வாசலில் அவரைப் பார்த்தேன்.

"பொண்ணு கேட்டாளா?"

"கேட்டா. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் நிறுத்திட்டா. 'எப்பவும் போல நல்லா இருக்குப்பா'ன்னா."

"இன்னும் நாலு நிமிஷம் இருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டா அப்புறம் அவ நிமிர்றதுக்கு என்னய்யா அர்த்தம்?"

அந்தச் சமயத்தில்தான் வாகன உரிம அலுவலகங்கள், காத்திருப்போரின் மன அமைதிக்காக இசை வாங்க முடிவு செய்தன. எங்கள் சான்று பெற்றதில் மிக அமைதியான ஆல்பம் தேர்வாயிற்று. அறுபத்தொரு கூடங்களில் 'மாலை தங்கும்' காலை முதல் மாலை வரை சுழன்றது. ஒரு மாதத்தில் புகார்க் கடிதம் வந்தது. ஐம்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு சத்தம் வருகிறது. பொதுமக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்துகிறார்கள். தங்களைத்தான் யாரோ அழைக்கிறார்கள் என்று எண்ணிச் சிலர் எழுந்து சேவைச் சாளரத்துக்கு வந்துவிடுகிறார்கள். வந்தபின் எதற்கு வந்தோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இதற்கான படிவமும் அலுவலகத்தில் இல்லை.

ஹார்க்ரோவ் நேரில் போய் அதிகாரிகளைச் சந்தித்தார். அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

"உங்க கூடத்துல டோக்கன் எண்ணைக் கூப்பிட்டா யாராவது கவனிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். மூணு தடவை கத்தணும்."

"இதைப் போட்டா?"

"எல்லாரும் நிமிர்ந்துடறாங்க."

"அப்புறம் எதுக்குப் புகார் எழுதினீங்க?"

பதினொரு வினாடியும் தனியே வெட்டி எடுக்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு எண்ணைக் கூப்பிடும் முன்னும் அது ஒலிக்கிறது. ஒரு கூடத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. இந்த மாநிலத்தில் இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகக் கேட்கும் இசை வேறு இல்லை என்று எங்கள் ஆண்டறிக்கை கூறுகிறது.

போன மாதம் என் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனேன். டோக்கன் வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிர்வரிசையில் வென்டல். கையில் தொப்பி. பக்கத்தில் மருத்துவமனைச் சீருடையில் ஓர் இளம்பெண், மடியில் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அவ உரிமம் முடிஞ்சுது. நான் வண்டி ஓட்டிட்டு வந்தேன்" என்றார் என்னிடம். மூன்று பேருந்து அவள் வீட்டு வாசலிலிருந்தே இந்த அலுவலகத்துக்கு வருகின்றன. அவள் வீடு எங்கே என்று வென்டலே முன்பு சொல்லியிருந்ததால் அது எனக்குத் தெரியும்.

அப்போது ஒலித்தது. இடது கை அந்த நாலு கட்டைகளை அழுத்தியது. திரும்பவும் அழுத்தியது. வலது கை ஏறத் தொடங்கியது.

டெலீஸ் தலையை நிமிர்த்தினாள்.

வென்டல் மூச்சு விடவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா தாளைவிட்டு விலகியிருந்தது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. பதினொரு வினாடியும் அவள் அப்படியேதான் இருந்தாள். பிறகு சுவரில் சிவப்பு எண் மாறியது. அவள் அதைப் படித்தாள், கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள்.

"நம்மது இல்லப்பா. இன்னும் ஆறு பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் எழுதக் குனிந்தாள்.

வென்டல் சாட்சிக்கு ஆள் தேடுகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார். அந்த அறையில் அது என்ன இசை, யாருக்காக வாசித்தது என்று தெரிந்த இன்னொரு ஆள் நான்தான்.

நான் என் டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.