கார்லண்டுக்குத் தெரிந்த ஆட்கள்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களுக்கு எந்த வேலையும் செய்யத் தெரியாது. எல்லா வேலைக்கும் ஆள் தெரியும். கூரை ஒழுகுகிறது என்று வாயெடுங்கள், பல் வலிக்கிறது என்று தாடையைப் பிடியுங்கள், பெண்ணுக்கு டிரம்பெட் வாத்தியார் கிடைக்கவில்லை என்று பெருமூச்சு விடுங்கள், நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சும்மா சொல்லித்தான் பாருங்களேன்! நீங்கள் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒரு கை தோளில் விழும்.

"எனக்கு ஒரு ஆளைத் தெரியும்."

தீர்ந்தது. இனிமேல் ஒழுகல் மட்டும்தான் உங்களுடையது.

இந்த இனத்தாரை அடையாளம் காண்பது சுலபம். ஆளின் பெயரை எடுத்தவுடன் சொல்ல மாட்டார்கள். முதலில் ஆளைச் சந்தித்த கதை வரும். எந்த ஊர்ப் பெட்ரோல் பங்கில், எந்த மழையில், யாருடைய டிரக் நின்றுபோனபோது என்று ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, "ஆள் தங்கம்" என்பார்கள். அடுத்தது, "என் பேரைச் சொல்லு, போதும்." ஆள் சொதப்பினால்? "அவன் அப்படிப்பட்டவன் இல்லையே, நீ என்ன சொன்னே?" ஆள் சரியாகச் செய்துவிட்டால்? அதைச் சொல்லவே வேண்டாம். உங்கள் கல்லறை வரைக்கும் வந்து ஞாபகப்படுத்துவார்கள்.

எங்கள் பேக்கர்ஸ்ஃபீல்டில் இந்த இனத்தின் தலைவர் கார்லண்ட் ஸ்டப்ஸ். பாதாம் தோட்டங்களுக்குத் தண்ணீர்க் குழாய் விற்பவர். பெல்ட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளிக் கொக்கி, அதன் பக்கத்தில் உறையில் போட்ட கைபேசி. யாராவது கஷ்டம் என்று சொன்னால் அந்தக் காலத்துத் துப்பாக்கிக்காரன் மாதிரி அவர் கை உறைக்குப் போகும். அவரால் பலன் அடைந்தவர்கள் ஊரில் ஏராளம். அவர்கள் இப்போது அவரைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார்கள்.

அவருடைய தம்பி கர்டிஸால் அப்படிப் போக முடியாது. தம்பி மனைவி நடீனாலும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் கார்லண்ட் வீட்டுக் கொல்லையில் கறி சுடுவது தவறாது. அங்கேதான் நடீன் ஒருநாள் அந்த விஷயத்தைத் தெரியாத்தனமாகச் சொன்னாள்.

வீட்டு விலைகள் தலைகுப்புற விழுந்திருந்த வருஷங்கள் அவை. கர்டிஸ் கான்கிரீட் லாரி ஓட்டுபவன். வீடே கட்டாத ஊரில் கான்கிரீட் யாருக்கு வேண்டும்? நடீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில் சாப்பாடு நடக்கும், வீட்டுக் கடன் தவணை நடக்காது. வங்கியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. போன் அடித்தாலே கர்டிஸ் எழுந்து வெளியே போய்ப் புல்வெளிக்குத் தண்ணீர் ஊற்றுவான். அந்தக் கோடையில் அவர்கள் தெருவிலேயே பச்சையாக இருந்த புல் அவன் புல்தான்.

கடைசியில் நடீன் ஒரு முடிவுக்கு வந்தாள். வீடு இனி கடன் அளவுக்கு விலை போகாது. ஆகவே வங்கியிடமே போய், "வருகிற விலைக்கு விற்றுத் தருகிறோம், அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுங்கள்" என்று கேட்பது. இதற்கு ஷார்ட் சேல் என்று பெயர். வங்கி ஒப்புக்கொண்டால் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து நடக்கலாம். இல்லையென்றால் ஏலம். ஏலத்தில் வீடு போனவர்களுக்கு ஊரில் யாரும் வாடகைக்குக்கூட வீடு தருவதில்லை. வங்கியோடு மல்லுக்கட்ட ஒரு நல்ல வீட்டு புரோக்கர் வேண்டும்.

"புரோக்கர் யாரைப் பிடிக்கிறதுன்னுதான் தெரியல," என்றாள் நடீன், சோளக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு.

கார்லண்டின் மனைவி ஜாய்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. கை உறைக்குப் போய்விட்டது.

"தெரியலையா? நான் எதுக்கு இருக்கேன்? எனக்கு ஒரு ஆளைத் தெரியும்!"

முதல் ஆள் ஸ்கிப் லோனர்கன். கார்லண்டோடு பௌலிங், அதாவது பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம், விளையாடுபவர். மாட்டுப் பண்ணை, குதிரைப் பண்ணை விற்பதில் கெட்டிக்காரர். மறுநாள் நடீன் வேலையிலிருந்து வரும்போது வாசலில் ஒரு பலகை நின்றுகொண்டிருந்தது. அதில் அவர் படம் வீட்டைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் நேரில் வந்ததும் நடீன் அவரை உட்காரவைத்து ஐஸ் டீ கொடுத்து, இதற்கு முன்னால் ஷார்ட் சேல் செய்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

"நான் செய்யறது எல்லாமே ஷார்ட்டுதாம்மா. இழுத்தடிக்கிறதே எனக்குப் பிடிக்காது. டக்குனு வித்துட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"இல்ல... பேங்க்கிட்டப் பேசணும்."

"பேங்க்கா?" ஸ்கிப் டீயைக் கீழே வைத்தார். "பேங்க் இதுல எங்கேருந்து வந்துச்சு?"

பலகையைப் பிடுங்கக் கர்டிஸுக்கு அரை நாள் ஆயிற்று. பண்ணைக்கு நடுகிற பலகை, ஆழமாக நட்டிருந்தார்.

இரண்டாவது வந்தவள் பெவ் டில்லட்சன். கார்லண்ட் போகும் சர்ச்சில் முன்வரிசை. அவள் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு வந்தாள். நடீனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சமையலறையைப் பார்த்து அழுதாள். கதவு நிலையில் நடீன் தன் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்திருந்ததைக் கண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எல்லோரும் ஜெபம் செய்தார்கள். கோடை முழுக்க அவள் வந்தாள், அழுதாள், பலகாரம் கொடுத்தாள். அவ்வளவு நல்ல மனுஷியிடம், "பேங்குக்குப் போன் பண்ணீங்களா?" என்று எப்படிக் கேட்பது? ஒருநாள் நடீன் கேட்டேவிட்டாள்.

"அந்த ஆளுங்க ரொம்ப முரட்டுத்தனமாப் பேசறாங்க நடீன்," என்றாள் பெவ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு மனசு கேக்கல, போனை வெச்சுட்டேன்."

இதற்குள் ஏலத்துக்கு நாள் குறித்து வாசல் கதவில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். கர்டிஸ் அதைப் படிக்கவில்லை. பார்த்தான், குழாயை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனான். அப்போது சமையலறை ஜன்னலில் நின்ற நடீனுக்கு அவன் முதுகைப் பார்க்கத் தாங்கவில்லை. அந்த முதுகு இப்படிக் கூனி அவள் பார்த்ததே இல்லை.

கார்லண்ட் கலங்கினாரா? இந்த இனம் கலங்காது. ஓர் ஆள் தோற்றால், அதைவிடப் பெரிய ஆள்.

"ஸ்கிப்பு, பெவ்வு எல்லாம் சில்லறை. இவன் மேல்மட்டம். டிரென்ட் வாசர். டயர் கடையில பழக்கம். எனக்காக உயிரையே குடுப்பான். என் பேரைச் சொல்லு, போதும்."

டிரென்ட் வாசரின் அலுவலகத்தில் மீன்தொட்டி இருந்தது. பல் வெள்ளைவெளேரென்று இருந்தது. அவர் அழவில்லை, வங்கி எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் தெரிந்த மாதிரி தலையாட்டினார். வழி மிகச் சுலபம் என்றார். கொஞ்சம் கட்டணம் முன்னால் கட்டிவிட வேண்டும். வீட்டைத் தற்காலிகமாக அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு வங்கி நடீனிடம் பேசவே பேசாது, அவரிடம்தான் பேசும்.

"நீங்க நிம்மதியாத் தூங்கலாம்," என்றார்.

தூக்கம் என்ற வார்த்தை நடீனின் எலும்பு வரை இறங்கியது. எத்தனை மாதமாயிற்று! பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் மஞ்சள் துண்டு ஒட்டித் தயாராக இருந்தது. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று நிமிர்ந்தாள்.

"கார்லண்ட் உங்களைப் பத்தி ரொம்ப உயர்வாச் சொன்னாரு."

"யாரு?"

"கார்லண்ட். கார்லண்ட் ஸ்டப்ஸ்."

டிரென்ட் வாசர் கூரையைப் பார்த்தார். மீன்தொட்டியைப் பார்த்தார். "ஸ்டப்ஸ்... மெத்தைக் கடை வெச்சிருக்காரே, அவரா?"

நடீன் பேனாவைக் கீழே வைத்தாள். "என் புருஷனையும் கூட்டிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, வேகமாக நடக்கிறோம் என்று தெரியாதபடி வேகமாக நடந்து, காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், நம்புங்கள், சிரித்தாள். மெத்தைக் கடை!

மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தபோது, வெட்கத்தை விட்டு எல்லோர் முன்னாலும் கேட்டாள். "இங்க யாராவது வீட்டை ஷார்ட் சேல்ல குடுத்துட்டு வந்தவங்க இருக்கீங்களா?" யாருக்கு யாரைத் தெரியும் என்று அவள் கேட்கவில்லை, கவனியுங்கள். யார் தாண்டி வந்தது என்று கேட்டாள். ரொட்டி போடும் ஓஃபீலியா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் குடுத்தேன். போன வருஷம். யார்கிட்டயும் சொல்லல. மார்கரீட் ஆய்லர்னு ஒருத்தி முடிச்சுக் குடுத்தா. ஆனா முன்னாடியே சொல்லிடறேன், உனக்கு அவளைப் பிடிக்காது."

பிடிக்கவில்லைதான். மார்கரீட் ஆய்லர் எழுந்து நிற்கவில்லை, கை குலுக்கவில்லை, டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காகிதக் குவளையில் துப்பிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் போன் பேசிக்கொண்டே இருந்தது: ஏதோ ஒரு வங்கியின் காத்திருப்புச் சங்கீதம். அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்க, இவள் பாட்டுக்கு நடீனை விசாரித்தாள்.

"எத்தனை பேர் இதுல கை வெச்சிருக்காங்க?"

நடீன் சொன்னாள். பண்ணை, பலகாரம், மீன்தொட்டி, எல்லாம்.

"இவங்களையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"என் புருஷனோட அண்ணன்."

"அவர் இந்த ஆபீஸ் பக்கம் வரக்கூடாது. அது என் முதல் கண்டிஷன்." அவள் இன்னொரு விதையைக் கடித்தாள். "முடியும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். போன வருஷம் என் கையில ஆறு வீடு ஏலத்துக்குப் போச்சு. அதையும் தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

தோற்ற கணக்கைத் தானாகச் சொன்ன முதல் ஆள். அந்த இடத்திலேயே நடீன் கையெழுத்துப் போட்டாள்.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. ஞாயிற்றுக்கிழமை, கறிப் புகைக்கு நடுவில், இனத் தலைவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னாள். கார்லண்ட் இடுக்கியைக் கீழே போட்டார்.

"விதை துப்புறவளா? அவளை யாருக்குத் தெரியும்? டிரென்ட்டை அவமானப்படுத்திட்டியே! நான் அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"தாராளமா முழிங்க கார்லண்ட். அவருக்கு உங்களை யாருன்னே தெரியாது."

கார்லண்ட் தம்பியைப் பார்த்தார். தம்பி எப்போதும் அண்ணன் பக்கம்தான். கர்டிஸ் தட்டைக் கீழே வைத்தான்.

"அவ சொல்றதுதான் கார்லண்ட். இது எங்க வீடு." மாதக்கணக்கில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது.

அதன் பிறகு மார்கரீட் பேசினாள், காத்திருந்தாள், பேசினாள். வங்கி காகிதத்தைத் தொலைத்தது, மறுபடி அனுப்பினாள். வங்கி ஆளை மாற்றியது. புது ஆளிடம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஏல நாள் ஒருமுறை தள்ளிப்போனது, இன்னொரு முறையும் தள்ளிப்போனது. பனிமூட்டம் இறங்கத் தொடங்கிய ஒரு காலையில் போன் அடித்தது. நடீன் ஈரக் கையோடு ஓடி வருவதற்குள் கர்டிஸ் எடுத்துவிட்டிருந்தான். கேட்டான். "சரிங்க," என்றான். போனை வைத்துவிட்டு, "ஒத்துக்கிட்டாங்களாம்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நடீனும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடு போய்விட்டது. இரண்டு பேரும் ஏதோ வீடு கிடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

வாடகை வீட்டுக்குப் போன முதல் வாரம், ஜாய்ஸ் தனியாக வந்தாள். காபியைக் குடிக்காமல் குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அந்த விதை துப்புற பொம்பளை... அவ நம்பர் இருக்கா?"

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான். நாலு மாசமாத் தவணை கட்டல. அந்த மனுஷனுக்கு ஊர் பூராவும் ஆள் தெரியும் நடீன். தனக்குன்னு வந்தப்போ ஒருத்தரையும் கூப்பிட மாட்டேங்கறாரு. போனைக் கையில வெச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்காரு."

நடீனுக்குக் கேலி செய்ய ஆயிரம் வார்த்தை இருந்தது. கார் சாவியை எடுத்தாள். மார்கரீட்டிடம் போய் அந்த முதல் கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சியது அவள்தான்.

ஆகவே கார்லண்ட் மார்கரீட்டின் மேஜைக்கு எதிர் நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்தார். போனில் காத்திருப்புச் சங்கீதம் ஓடியது. எல்லாக் கேள்விக்கும் பணிவாகப் பதில் சொன்னார். நடீனுக்கே மனசு இளகிவிட்டது. சங்கீதம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கால் ஆட ஆரம்பித்தது. கை இடுப்புக்குப் போனது.

"ஏங்க, இப்படிக் காத்துக்கிட்டு இருப்பானேன்?" என்றார். "அந்த பேங்க்ல எனக்கு ஒரு ஆளை..."

மார்கரீட் திரும்பிக்கூடப் பார்க்காமல் விதைப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"வாயில போட்டுக்குங்க."

கார்லண்டைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நாலு பத்திக்கு முன்னாலேயே உங்கள் அலுவலக நண்பர் ஒருவரோ, மைத்துனர் ஒருவரோ, எதிர்வீட்டுக்காரரோ உங்கள் நினைவுக்கு வந்துவிட்டார் இல்லையா? அவருக்கு இந்த மார்கரீட் ஆய்லர் மாதிரி ஒருத்தி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், நம்பரைக் கேட்டு வாங்கி, நம் பேரைச் சொல்லச் சொல்லி அனுப்பிவைக்கலாமே என்று விரல் துறுதுறுக்கிறதா? அவர் உங்களிடம் கேட்டாரா?