கேமராவில் தெரியாத சப்பாத்து

சேவலை எங்கே வைப்பது என்பதுதான் அன்று காலை உமாபதியின் பெரிய கவலை.

மகள் தனுஜாவுக்குப் பத்து மணிக்கு நேர்முகம். மருத்துவப் படிப்புக்கு. பள்ளி இறுதியில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்திருந்தாள். ஆனால் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். இடங்கள்தான் அந்த அளவுக்கு இல்லை. அதனால் பல்கலைக்கழகம் பிள்ளைகளைக் கணினி வழியே பேசவைத்துப் பொறுக்கி எடுத்தது. அரைமணி நேரம். அந்த அரைமணியில் தனுஜா பேசுவது அவர்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். பதிலெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்; சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையை உமாபதி தானாகவே எடுத்துக்கொண்டார்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. உமாபதி எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். எஞ்சினுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் பேசினால் அசாம் ஜாவா முச்சந்தியில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான்.

"துளசி! எல்லாரையும் மெதுவா பேசச் சொல்லு!"

"இங்க நீங்களும் நானும்தான் இருக்கோம்," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "நான் பேசல."

இன்னொரு கவலை லைன். அந்த வரிசையில் மற்ற வீடுகளுக்கெல்லாம் புது இணைய லைன் வந்துவிட்டது. உமாபதி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அந்த வயர் வலப்பக்கத்து வீட்டு லோகேஸ்வரனின் வேலியைத் தாண்டித்தான் வர முடியும். லோகேஸ்வரனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்க மாட்டார் உமாபதி.

இருவரும் ஒரே தோட்டத்து லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். அப்படிப்பட்ட லோகேஸ்வரன், தன் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலைத் தட்டோடு வந்து கூப்பிடவில்லை. வாட்சப்பில் கார்டு அனுப்பினான். அதுவும் நூறு பேர் இருக்கும் குழுவில். உமாபதி கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. நாலைந்து வருஷமாகிறது.

அதனால் உலு யாமில் இருக்கும் மச்சானிடம் ஒரு மோடம் இரவல் வாங்கி வந்திருந்தார். வீட்டில் உயரமான இடம் சாமி மேடைதான் என்பதால் அது முருகனுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் அதற்கும் விபூதி பூசியிருந்தார். சிவப்பு விளக்கு பச்சையாக மாறுவதும், மறுபடி சிவப்பாவதுமாக இருந்தது.

"வந்துரும்லா," என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

தனுஜா அறையிலிருந்து வந்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, காலில் புதுக் கறுப்புச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தைப் போன வாரம் கோலசிலாங்கூரில் அவரே தேடிப் பிடித்து வாங்கியிருந்தார்.

"கேமராவுல கால் தெரியாதுப்பா," என்று அப்போதே சொன்னாள் மகள்.

"தெரியலன்னா என்ன? நீ போட்டிருக்கேன்னு உனக்குத் தெரியும்ல. வெறுங்காலோட உக்காந்தா குரலும் அப்படித்தான் வரும்."

அது என்ன கணக்கோ, ஆனால் அவர் அதை மனதார நம்பினார். வாசல்படிக்கு உள்ளே செருப்பு வந்தால் விளக்குமாற்றைத் தூக்கும் துளசிகூட இன்றைக்குச் சப்பாத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

தனுஜா காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"அப்பா, நீங்க முன்பக்கம் பார்த்துக்குங்க. அம்மா ரூம் வாசல்ல நிப்பாங்க. நடுவுல கதவ மட்டும் தொறந்துடாதீங்கப்பா. பின்னால நீங்க நிக்கிறது அவங்களுக்குத் தெரியும்."

"வரவே மாட்டேன். நீ தைரியமா பேசு."

அவர் வாசலுக்குப் போனார். அவள் தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனாள்.

இப்போது சேவல். தனுஜாவின் அறை வீட்டின் இடது கோடியில். சேவல் எப்போதும் நிற்பது அந்த ஜன்னலுக்குக் கீழே. கூடையைப் போட்டு மூடிப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ கழுத்தை நெரிப்பதுபோலக் கத்தியது. கூடையை எடுத்தார், கோபத்தில் கூவியது. கடைசியில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது கோடிக்கு ஓடி, வேலித் தூணில் கட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் லோகேஸ்வரன் வீட்டு ஜன்னல். சாத்தியிருந்தது.

"நல்லா கூவு," என்றார் சேவலிடம். "அவன் காதுலயே கூவு."

உண்மையில் அவர் அதிகம் பயந்தது சேவலுக்கு இல்லை. லோகேஸ்வரன் வீட்டு முன்னால் கிரில் பட்டறை. இரும்பு அறுக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தால் தெருவுக்கே பல் கூசும். ஆனால் அன்று பட்டறை ஊமையாக இருந்தது. உமாபதி முருகனுக்கு நன்றி சொன்னார்.

பத்து மணி. தெருமுனையில் "பாம், பாம்" என்று ரொட்டிக்கார சோமுவின் மோட்டார் சைக்கிள். உமாபதி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுத்தெருவில் பாய்ந்தார். சோமு பிரேக் போட்டதில் பின்பெட்டியிலிருந்து இரண்டு பன் எகிறி விழுந்தது.

"என்னண்ணே, சாவுறதுக்கா?"

"ஷ்ஷ்! என் மகளுக்கு இண்டர்வியூ. இங்க ஹோன் அடிக்காத!"

"அடிக்கலன்னா வித்தது மாதிரிதான்."

"அடி. யாரு வேணாம்னா? அந்தப் பக்கம் போயி அடி. லோகா வீட்டு முன்னால நின்னு நல்லா அடி."

"அவங்க ரொட்டியே வாங்க மாட்டாங்கண்ணே."

"இன்னிக்கு வாங்குவாங்க. போ லா!"

சோமு போனான். லோகேஸ்வரன் வீட்டு முன்னால் நின்று, சொன்ன சொல் தவறாமல் அடித்தான். உமாபதிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஒரே கல்லில் மகளுக்கும் நல்லது, மானத்துக்கும் நல்லது.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் பழைய சாமான் வாங்கும் லோரி வந்தது. கூரையில் ஒலிபெருக்கி. "சூராட் காபார் லாமா... பேட்டரி லாமா... பெசி பூரோக்..." என்று பழைய பேப்பர், பழைய பேட்டரி, துருப்பிடித்த இரும்பு எல்லாம் கேட்டு மலாயில் ஓயாமல் பாடும் லோரி. அது நேராக இடது கோடியில், தனுஜாவின் ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றது. உமாபதி பதறிக்கொண்டு ஓடிப்போய் ஓட்டுநரின் கதவைத் தட்டினார்.

"இங்க ஒண்ணும் இல்ல! அதோ, அந்த வீட்டுல கிரில் பட்டறை. பழைய இரும்பு மலை மாதிரி கெடக்கு. போங்க, போங்க!"

இரும்பு என்றதும் லோரிக்காரனுக்கு முகம் மலர்ந்தது. லோகேஸ்வரன் வாசலில் நிறுத்தி, வாடிக்கையாளருக்கு மரியாதையாக ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் ஏற்றிவைத்தான். இந்தப் பக்கம் பாம் பாம், அந்தப் பக்கம் பெசி பூரோக், வேலியோரம் சேவல். மூன்றும் சேர்ந்து ஒரு கச்சேரியே நடந்தது.

லோகேஸ்வரன் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

பனியனும் கைலியுமாக ஓடிவந்தார் மனிதர். வாயில் ஒற்றை விரல். ஒரு வார்த்தை பேசாமல் சோமுவைப் பார்த்துக் கும்பிட்டார். லோரியின் ஜன்னலுக்குள் கையை விட்டு ஒலிபெருக்கியை அணைத்தார். லோரிக்காரனின் கையில் ஒரு பழைய இரும்புக் கதவையே தூக்கிக் கொடுத்து, போ போ என்று விரட்டினார். சோமுவிடம் இருந்த பன்னில் பாதியை வாங்கினார். பிறகு உமாபதியைப் பார்த்தார்.

நாலைந்து வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அப்போதுதான். மகளுக்காகச் சத்தம் போட முடியாத உமாபதி. என்ன காரணமோ, சத்தமே போடாத லோகேஸ்வரன். உலகத்தில் இரண்டு பேர் இவ்வளவு ஆங்காரமாகக் குசுகுசுவென்று சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

"உனக்கு அறிவு இருக்காடா? எதுக்குடா எல்லாத்தையும் இங்க அனுப்புற?"

"பின்ன எங்க அனுப்புறது? என் மகளுக்கு இண்டர்வியூ!"

"அதான்டா! வாய மூடு!"

"நீ யாருடா என்னைய வாய மூடச் சொல்ல? வாட்சப்புல கார்டு அனுப்பினவன்தானே நீ!"

"கொரோனா நேரம்டா அது! தட்டத் தூக்கிட்டு வந்தா போலீஸ் புடிக்கும். கல்யாணத்துக்கே இத்தன பேருதான்னு கணக்கு. அதுலயும் உனக்கு எடம் வெச்சிருந்தேன்."

"போன்லயாச்சும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன். நாலு தடவ. நீ எடுக்கல."

அந்த மாதங்களில் உமாபதி இரவும் பகலும் லோரி ஓட்டினார். காலிடுக்கில் போன் அடித்தாலும் எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது. யார் கூப்பிட்டார்கள் என்று பிறகு திரும்பிப் பார்க்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது.

"லோரி சத்தம்டா," என்றார், குரலே எழும்பாமல்.

அதற்கு லோகேஸ்வரன் பதில் சொல்வதற்குள் சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூவியது. இருவரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். உமாபதி கயிற்றை அவிழ்க்க, லோகேஸ்வரன் பனியனைக் கழற்றி அதன் தலையைச் சுற்றினார். இருட்டிவிட்டது என்று நினைத்ததோ என்னவோ, சேவல் அடங்கியது. லோகேஸ்வரன் அதை ஒரு கையிலும் உமாபதியை மறு கையிலும் பிடித்து, வேலியோரத்திலிருந்து பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

அறுக்கும் மெஷின் மூடிக் கிடந்தது. வேலையாட்கள் யாரும் இல்லை.

"இன்னிக்கு வேல இல்லையா?" என்று உமாபதி மெல்லக் கேட்டார்.

"லீவு விட்டுட்டேன்."

"ஏன்?"

லோகேஸ்வரன் சேவலைப் பார்த்தார். "சும்மா."

உமாபதிக்குப் புரிந்துவிட்டது. பெண்கள் வேலிக்கு மேலே பேசிக்கொள்வார்கள். துளசி எப்படியோ சொல்லியிருப்பாள். என் பிள்ளைக்காகத்தான் இவன் ஒரு நாள் வேலையை நிறுத்தியிருக்கிறான். நான் இவன் வீட்டு வாசலில் ஹோன் அடிக்க ஆள் அனுப்பினேன். உமாபதிக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு பன்னை எடுத்துப் பாதி பிய்த்துக் கொடுத்தார். லோகேஸ்வரன் வாங்கிக்கொண்டார். நாலைந்து வருஷம் தனித்தனியாகப் பேசாமல் இருந்தவர்கள், அந்தக் கொஞ்ச நேரம் சேர்ந்து பேசாமல் இருந்தார்கள்.

நேரம் முடிந்ததும் உமாபதி வீட்டுக்கு ஓடினார். தனுஜா அடுப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வெறுங்காலோடு.

"எப்படிம்மா?"

"நல்லா போச்சுப்பா. லைன் ஒரு தடவகூட அறுந்து போகல."

உமாபதி பெருமையோடு சாமி மேடையைப் பார்த்தார். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போதுதான் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"சத்தம் கேட்டுச்சா?"

தனுஜா அம்மாவைப் பார்த்தாள். "சேவல் கூவுச்சுப்பா. அது என்னன்னு கேட்டாங்க. எங்கப்பாவோட சேவல்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எனக்குப் பயமே போச்சு."

"அவ்ளோ தூரத்துல கட்டினேனே!"

"காதுக்குள்ளயே கேட்டுச்சுப்பா."

"என்ன கேள்வி கேட்டாங்க?"

"உங்க மேல கோவமா இருக்கற நோயாளி, பேசவே மாட்டேங்கறாரு, என்ன செய்வீங்கன்னாங்க. மொதல்ல நான்தான் அவர்கிட்ட போவேன்னு சொன்னேன். யாரு மேல தப்புன்னு அப்புறமா பார்த்துக்கலாம்னு."

உமாபதியின் பார்வை வேலிப் பக்கம் போய், மகளின் வெறுங்காலில் வந்து நின்றது. பிறகு, "சப்பாத்து எங்கம்மா?" என்றார்.

"கழட்டி வெச்சிட்டேன்பா."

செருப்பு அடுக்கில் தேடினார், காணோம். "எங்கயாச்சும் இருக்கும், விடுங்க," என்றாள் துளசி அவசரமாக.

முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. வந்தபோது தனுஜாவின் பெயர் அதில் இருந்தது. படிக்கிறவர்களுக்குப் படபடப்பு எதற்கென்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று சாயங்காலம் உமாபதிக்கு அது தெரியாது. கிடைக்குமோ கிடைக்காதோ, செய்ய வேண்டிய ஒரு காரியம் மட்டும் அவருக்குத் தெரிந்தது. துளசி கிண்டிய கேசரியை ஒரு பாத்திரத்தில் போட்டு, வெற்றிலைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, வேலியைச் சுற்றி லோகேஸ்வரன் வீட்டுப் படி ஏறினார்.

லோகேஸ்வரனின் மனைவி அன்னம்மா கோப்பி கலக்கிக் கொடுத்தாள். வயர் எந்தப் பக்கமாக வேலியைத் தாண்டலாம் என்று ஆண்கள் இருவரும் பேசினார்கள். சைக்கிள் கதை பேசினார்கள். எழுந்திருக்கும்போது உமாபதி நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காக வேணாம், என் பிள்ளைக்காக நீ பட்டறைய மூடினியே. அத நான் மறக்க மாட்டேன்டா. என் வீட்டு ரூம்ல அவ நிம்மதியா உக்காந்து பேசினா பாரு, அது உன்னாலதான்."

லோகேஸ்வரன் விட்டத்தைப் பார்த்தார்.

உமாபதி மனம் நிறைந்து படி இறங்கினார். பின்னாலிருந்து அன்னம்மா கூப்பிட்டாள்.

"அண்ணே, தனுஜா சப்பாத்து காலையிலேர்ந்து எங்க பின்வாசல்லயே கெடக்கு, கையோட எடுத்துட்டுப் போயிருங்க."