மரியாதை தெரியாத லேசர்

ஒளியை ஆராய்ந்த நாடுகள் பல உண்டு. ஒளிக்கு மரியாதை கற்றுக்கொடுத்த பெருமை யாங்கூன் மாநகரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தை மட்டுமே சாரும். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. தன்னடக்கம் மிக்க நிறுவனம், புகழ்ந்தால் கோபித்துக்கொள்ளும்.

போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கில் நான்கு மாதம் தவமிருந்த மரப்பெட்டி ஒன்று, மழைக்காலம் முடிந்த ஒரு புதன்கிழமை லாரியேறி வளாகத்துக்குள் வந்தது. உள்ளே இருந்தது ‘உயர்நிலை லேசர் நிறமாலைக் கருவி’. எந்தப் பொருளின் மேலும் லேசரைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைப் படித்து, அந்தப் பொருள் இன்னதென்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். ஒன்பது துறைகளுக்கும் பொதுவான சொத்து. ஆகவே ஒன்பது பேர் கொண்ட ‘பொதுப் பயன்பாட்டு உயர்மட்டக் குழு’ உடனே அமைக்கப்பட்டது. கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது ஆழ்ந்து விவாதித்தது.

கருவியை இயக்கக் கற்றுக்கொடுக்க வந்த வெளிநாட்டுப் பொறியாளரிடம் முதல் நாள் ஒன்பது துறையினரும் பாடம் கேட்டார்கள். அன்று சிற்றுண்டி இருந்தது. இரண்டாம் நாள் நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாம் நாள் மிஞ்சியவள் புஷ்பா ஒருத்திதான். வேதியியல் துறையின் இளநிலை விரிவுரையாளர். கியாக்தானிலிருந்து தன்லியின் பாலம் தாண்டி, இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவள் கைப்பையில் ஓர் ஊறுகாய்ப் புட்டி இருந்தது. புட்டிக்குள் கிணற்றுச் சேறு.

கியாக்தானில் அவளுடைய அக்கா காளியம்மா குடியிருக்கும் சந்துக்கு ஒரே கிணறு. கிணற்றுக்கு நாற்பது அடி தள்ளிப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை. ஒரு வருடமாகச் சந்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி. அக்கா மகள் ராதாவுக்கு ஆறு வயது. ஈறில் நீலமாய் ஒரு கோடு ஓடுகிறது. இன்று படித்த எழுத்தை நாளைக்கு மறந்துவிடுகிறாள்.

“பூச்சி மருந்து நாலு தடவ குடுத்தாச்சுடி,” என்றாள் காளியம்மா. “பூச்சி இருந்திருந்தா அதுவே வெறுத்துப்போயி ஊரவிட்டு ஓடிருக்கும்.”

நகர அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: ‘ஈயம்’ என்று ஒரு பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தால், அன்றைக்கே கொட்டகையைப் பூட்டுவோம். கருவிக்கு ஒரு நிமிட வேலை. புஷ்பா முறைப்படி விண்ணப்பித்தாள். குழு முறைப்படி கூடியது.

“கிணறு எந்தத் துறை?” என்று கேட்டார் துணைவேந்தர். பெரிய ஆசான் என்ற பொருளில் எல்லாரும் அவரை ‘சயாஜி’ என்பார்கள்.

“தண்ணீர் என்றால் வேதியியல்,” என்றார் நிலவியல் தலைவர்.

“பள்ளம் என்றால் நிலவியல்,” என்றார் வேதியியல் தலைவர்.

“பள்ளத்துக்குள் தண்ணீர் இருந்தால்?”

“அது கூட்டாய்வு, சயாஜி. கூட்டாய்வுக்குத் தனிப் படிவம் வேண்டும். இன்னும் அச்சாகவில்லை.”

சயாஜி பெருமூச்சு விட்டார். விஞ்ஞானத்தின் பாதை கடினமானது என்பதை உணர்ந்தவர் விடும் பெருமூச்சு.

வெளியே வந்த புஷ்பாவைக் கருவி அறையின் காவலர் மாரிச்சாமி நிறுத்தினார். அவரும் தமிழர், மற்றவர்களைப் போலவே ஆசிரியைகளை ‘சயாமா’ என்றுதான் கூப்பிடுவார்.

“சயாமா, இந்த ரூமு ஜில்லுன்னு இருக்கே, யாரு குடுத்த காத்து?”

“ஏசி காத்துண்ணே.”

“ஏசி யாரு குடுத்ததுன்னு கேக்குறேன். பலகையப் பாருங்க.”

கதவுக்கு மேலே சலவைக்கல்லில் பொன்னெழுத்து: ‘குளிர்சாதன தானம்: ஊ பிரேம்நாத், பேட்டரி வணிகர், கியாக்தான்.’ ‘ஊ’ என்பது பெரிய மனிதர்களுக்கும், ‘மா’ என்பது இளம்பெண்களுக்கும் பெயருக்கு முன்னால் சேர்க்கும் பர்மிய மரியாதை.

“அவரு குடுத்த காத்துல உக்காந்துக்கிட்டு, அவரு கொட்டாய்க்கே எதுரா எழுதச் சொன்னா எப்புடி? இவங்களுக்கு ஆனாடே இருக்காதா?”

ஆனாடே என்பது, அடுத்தவர் மனம் சங்கடப்படுமே என்ற தயக்கம். இந்த நாட்டின் மிக உயர்ந்த பண்பு அது. அந்தப் பண்பு கருவியிடம் மருந்துக்கும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இதனால் கருவி சும்மா கிடந்தது என்று எவரும் குற்றம் சாட்டிவிட முடியாது. மாணிக்கம் விளைகிற நாடு. மாணிக்கம் என்று சொல்லிக் கண்ணாடி விற்கிற நாடும்கூட. எனவே ‘கூட்டு ஆராய்ச்சி’ மும்முரமாக நடந்தது. பதிவேட்டில் புஷ்பாவே தன் கைப்பட எழுதினாள்: மாதிரி எண் 14, சிவப்புப் படிகம், விரலளவு வளையத்துடன், வரலாற்றுத் துறை. மாதிரி எண் 15, அதே துறை, காது இரண்டு. மாதிரி எண் 19, பச்சைக் கல், தத்துவத் துறைத் தலைவரின் மாமியார். நகரத்தில் மின்சாரம் முறைவைத்து வந்தாலும், மாதிரி வந்த நாள்களில் ஜெனரேட்டர் அலுக்காமல் ஓடியது. ஊறுகாய்ப் புட்டி அலமாரியின் அடித்தட்டில், வகைப்படுத்தப்படாத மாதிரியாக உட்கார்ந்திருந்தது.

மாதிரி எண் 27, சயாஜியின் மனைவி. அவரைச் ‘சயாகடோ’ என்று அழைக்க வேண்டும். அழைக்காதவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருக்கிறார்கள். கருவி அறைத் திறப்பு விழாவில் ஊ பிரேம்நாத் அணிவித்த மாணிக்க மோதிரத்தை அவர் கழற்றி வைத்தார். குழுவினர் ஒன்பது பேரும் சுற்றி நின்றார்கள்.

மாணிக்கமானால் திரையில் இரண்டு கூர்முனைகள் இரட்டைக் கோபுரமாக எழும். எழவில்லை. படுத்த எருமை மாதிரி ஒரு மேடு மட்டும் தெரிந்தது.

“கண்ணாடி, சயாகடோ,” என்றாள் புஷ்பா.

சயாகடோ மோதிரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“மின்சாரம் சரியில்லையோ?” என்றார் வேதியியல் தலைவர்.

“ஜெனரேட்டரில் ஓடுகிறது, சார்.”

“இது வேறு ஏதாவது உயர்ந்த வகைக் கண்ணாடியாக...” என்று தொடங்கிய நிலவியல் தலைவர், சயாகடோவின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

“மெசினுக்கு ஆனாடேயே கெடையாது,” என்று மாரிச்சாமி தமிழில் தூணிடம் சொன்னார்.

சயாஜி மனைவியின் வெறும் விரலைப் பார்த்தார். பிறகு அவருடைய மனச்சாட்சி திடீரென விழித்துக்கொண்டது.

“மா புஷ்பா, கியாக்தானில் ஏதோ கிணறு என்றாயே! பச்சைக் குழந்தைகள் அல்லவா! சேறு எங்கே?”

அச்சாகாத கூட்டாய்வுப் படிவம் இருபது நிமிடத்தில் அச்சாகி வந்தது. புட்டி திறக்கப்பட்டது. உலர்த்திய சேற்றில் லேசர் பட்டதும், ஈயம் தன் கோடுகளை அணிவகுப்புச் சிப்பாய்கள் மாதிரி வரிசையாக நிறுத்தியது. அறிக்கை தட்டச்சாகியது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்து. அன்று பஸ்ஸில் புஷ்பா நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கே ஊ பிரேம்நாத் வந்துவிட்டார். ஒரு கையில் சயாஜிக்குப் பலகாரப் பெட்டி. மறு கையில் நகைப் பெட்டி. கருவி அறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே புஷ்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“தங்கச்சி, நம்ம ஊருப் பொண்ணு நீயி. அந்தக் கடக்காரன் என்னய நல்லா ஏமாத்திப்புட்டான். இது மொகோக் சுரங்கத்துக் கல்லு. நெசம். ஒன்னய நான் பொய்யா சொல்லச் சொல்றேன்? உள்ளத உள்ளபடி சொல்லு. போதும்.”

“கெணத்த என்ன பண்ணப்போறீங்கண்ணே?”

“கெணத்துக்கு என்ன? கெணறு பாட்டுக்குக் கெணறு. அந்தப் புள்ளைகளுக்கு வேணா நோட்டுப் புத்தகம் வாங்கித் தர்றேன்.”

“எழுதுனா மறந்துபோகுதுண்ணே.”

அவர் அதற்குள் உள்ளே போயிருந்தார். சயாகடோவும் வந்து உட்கார, குழு கூடிவிட்டது. அறிக்கை மேசைமேல் இருந்தது. சயாஜி பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

“முதலில் மோதிரம். பிறகு கையெழுத்து. கல் நல்லதாக இருந்தால், ஒரு நன்கொடையாளரின் மனத்தை அவசரப்பட்டு நோகடிக்க வேண்டாம். கிணற்றை ‘மேலதிக ஆய்வுக்கு’ அனுப்புவோம்.”

“மேலதிக ஆய்வு எவ்வளவு காலம் ஆகும்?” என்று புஷ்பா கேட்டாள்.

“சயாஜி ஓய்வுபெறும் வரை,” என்றார் வேதியியல் தலைவர் பயபக்தியோடு.

புஷ்பா மோதிரத்தை வைத்தாள். லேசர் பாய்ந்தது. திரையில் இரண்டு கூர்முனைகள், இரட்டைக் கோபுரம், தேர் பார்க்கக் கூட்டம் கூடலாம் போல நிமிர்ந்து நின்றன. ஊ பிரேம்நாத் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை சொல்லியிருந்தார்.

அறையில் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லாரும் திரையைத்தான் பார்த்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி. மற்றவர்கள் சிற்றுண்டியோடு நின்றுவிட்டவர்கள்.

புஷ்பா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பள்ளிக்கூடத்தில் மை கொட்டியது யார் என்று கேட்டபோதுகூட, கேட்டு முடிவதற்குள் கையைத் தூக்கியவள். அவள் திரையைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த ஒரு பக்க அறிக்கையைப் பார்த்தாள். ராதாவின் ஈறு ஞாபகம் வந்தது.

“கண்ணாடி,” என்றாள். போதாது என்று பட்டது. “நேற்றையதைவிட மட்டமான கண்ணாடி.”

“அடிப்பாவி!” என்று ஊ பிரேம்நாத் தமிழில் அலறினார்.

“என்ன சொல்கிறார்?” என்று சயாஜி கேட்டார்.

மாரிச்சாமி கைகட்டிக் குனிந்து பர்மியத்தில் சொன்னார்: “கடைக்காரனைத் திட்டுகிறார், சயாஜி.”

சயாகடோ எழுந்தார். அந்த அம்மையாரை ஒரே மனிதர் இரண்டு முறை ஏமாற்றியது பல்கலைக்கழக வரலாற்றிலேயே இல்லை. சயாஜியின் பேனா, மூடியைக் கழற்றியதே தெரியாமல், கையெழுத்தைப் போட்டது. மோதிரத்தை எடுக்கப் பாய்ந்த பிரேம்நாத்தின் கையைக் குழு உறுப்பினர்கள் ஒன்பது பேரும் சேர்ந்து தடுத்தார்கள். அவர்கள் ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

“தொடாதீர்கள்!” என்றார் சயாஜி. “இது ஆதாரம்! பல்கலைக்கழகச் சொத்து!”

மூன்றாம் நாள் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. சந்துக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. ராதா மருந்து சாப்பிடுகிறாள். நீலக் கோடு மங்கத் தொடங்கியிருக்கிறது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து தங்குகின்றன. ‘ழ’ மட்டும் இன்னும் வர மறுக்கிறது. ஆனால் அதற்காக ஈயத்தைக் குறை சொல்ல முடியாது.

குழு இதற்குப் பின் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. முதலாவது, கருவியின் திரை இனிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்படும். முடிவுகளைக் குழு பார்வையிட்டு, ‘தக்க சொற்களில்’ வெளியிடும். ஒளிக்கு மரியாதை கற்பிக்கப்பட்டது இவ்விதமாகவே. ஆண்டறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது, மேற்படி மோதிரம் நிர்வாகக் கட்டடத்தின் முகப்பில், விளக்குப் போட்ட பேழைக்குள், வருங்கால ஆய்வாளர்களின் வசதிக்காகத் ‘தரநிலை மாதிரி: கண்ணாடி’ என்ற அறிவிப்புப் பலகையுடன் வைக்கப்படும். வைத்தார்கள். புஷ்பா தினமும் அதைத் தலைகுனிந்தபடி கடந்து போகிறாள். அவள் குனிய வேண்டியதில்லை. மாணிக்கத்தின் மேல் ‘கண்ணாடி’ என்று எழுதி வைத்திருப்பது அந்தக் கட்டடத்தில் அங்கே மட்டும்தான். மற்ற எல்லா அறைகளின் வாசலிலும் பெயர்ப்பலகை அதற்கு நேர்மாறாகவே எழுதப்பட்டிருக்கிறது.