ரெண்டு கிழமைக்கு மட்டும்

நம்மிடையே ‘இப்போதைக்குக்காரர்’ என்றொரு இனம் வாழ்ந்து வருகிறது. பார்வைக்கு நம்மைப் போலவே இருப்பார்கள். சட்டை போடுவார்கள், சீனி குறைத்துத் தேநீர் குடிப்பார்கள், பஸ்ஸில் யன்னலோரம் பிடிப்பார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். எந்தப் பொருளையும், எந்த உயிரையும், எந்தப் பொறுப்பையும் தம்முடையது என்று அவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். இப்போதைக்கு வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த இப்போதைக்கு எப்போது முடியும் என்று கேட்டால் கோபம் வரும். கேட்டுப் பாருங்களேன்.

தேயிலை மலைகளில் இந்த இனம் செழித்து வளர்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே தற்காலிகம் என்ற உரம் தாராளம். மண்சரிவுக்குப் பிறகு தற்காலிகமாக அடித்த தகரக் கூரையின் கீழ் தவழ்ந்த பிள்ளைகள் இன்று மீசை மழிக்கிறார்கள். பாலம் கட்டி முடியும் வரைக்கும் என்று ஓடைக்குக் குறுக்கே போட்ட மரக்குற்றிகளை இதுவரை இரண்டு தடவை திருத்தி, ஒரு தடவை வர்ணமும் பூசியாகிவிட்டது. நிரந்தர அதிபர் வரும்வரைக்கும் என்று பதில் கடமைக்கு வந்த பள்ளி அதிபர் பதில் கடமையிலேயே ஓய்வு பெற, அவருடைய பிரியாவிடைக் கூட்டத்துக்கு இன்னொரு பதில் அதிபர் தலைமை தாங்குகிறார். நிரந்தரம் என்று சொல்லிக் கட்டியவைதான் அங்கே சீக்கிரம் சரிகின்றன.

இந்த இனத்தின் கலப்பில்லாத மாதிரி ஒன்றைப் பார்க்க விரும்பினால், பலாங்கொடையிலிருந்து மலைக்கு ஏறும் பஸ்ஸில் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, இருமல் சத்தம் வரும் பக்கமாக நடவுங்கள். அங்கே இந்திரகுமார் இருப்பார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து எப்போது வாடும், எப்போது பதத்துக்கு வரும் என்பதை மூக்காலேயே அறிந்து தூள் எடுத்த மனிதர். நல்ல காலம் முழுவதும் ‘எக்டிங்’ டீமேக்கர், அதாவது பதில் கடமை; பதவி நிரந்தரமானபோது ஓய்வு வாசலில் நின்றது. காலமெல்லாம் தேயிலைத் தூசியைச் சுவாசித்ததில் நெஞ்சுக்குள் ஓர் இருமல் குடியேறியிருந்தது. அதைப் பற்றி டொக்டர் கேட்டபோது, “இப்போதைக்கு இருக்குதுங்க, போயிரும்” என்றார். கல்யாணத்துக்கு முந்திய இருமல் அது.

இவரிடம்தான் தனுஜா ஒரு நாயைக் கொண்டுவந்தாள். பலாங்கொடையில் மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதிகளோடு சேர்ந்து கைவிடப்பட்ட மிருகங்களைத் தேடித் திரிகிறவள். இரத்தினபுரிப் பக்கத்தில் ஒருவன் வீட்டின் பின்புறம் கூடுகளை அடுக்கி, சாதி நாய்களை அடைத்து, ஓயாமல் குட்டி போடவைத்து, குட்டிகளின் படத்தை ஃபோனில் காட்டி விற்றுக்கொண்டிருந்தான். அயலவர்கள் நாற்றம் தாங்காமல் பொலிசுக்குச் சொல்ல, ஆள் தலைமறைவாகிவிட்டான். தாய் நாய்கள் கூடுகளோடு மிஞ்சின. அவற்றில் ஒன்றுதான் இது. வெள்ளைப் பொமேரியன் என்றாள் தனுஜா. வெள்ளை என்பதை அவளுடைய சொல்லை நம்பித்தான் ஏற்கவேண்டியிருந்தது.

“ரெண்டு கிழமைக்கு மட்டும் அங்கிள், பதினாலே நாள். நல்ல வீடா பாத்துட்டு நானே வந்து தூக்கிட்டுப் போயிருவேன்.”

“ரெண்டு கிழமைன்னா ரெண்டு கிழமைதான். அதுக்கு மேல வச்சிருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“எக்டிங்கா போனப்பவும் இதையேதான் சொன்னாரு” என்றார் அவருடைய மனைவி ஜீவராணி, அடுப்படியிலிருந்து. “நீ தைரியமா விட்டுட்டுப் போ தனுஜா.”

இறக்கிவிட்ட இடத்தில் நாய் நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு நடந்தது. நான்கு எட்டு நேரே, திரும்பி நான்கு எட்டு, மறுபடியும் திரும்பி. விறாந்தை முழுவதும் வெறுமையாகக் கிடக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டின் ஓரத்தை அது அளந்துகொண்டிருந்தது. புல்லில் விட்டால் நெருப்பை மிதித்ததுபோலக் காலைத் தூக்கியது. குரைக்கவே இல்லை.

இப்போதைக்குக்காரரின் முதலாவது குணம் இங்கே வெளிப்படும். தற்காலிகமான உயிருக்கு அவர் பெயர் வைக்கமாட்டார். பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது இந்திரகுமாரின் கொள்கை. ஆகவே பெயரில்லை. பெயரில்லாததை எப்படிக் கூப்பிடுவது? ஜீவராணி ‘எக்டிங்கம்மா’ என்று கூப்பிட்டார். பக்கத்து லயத்து வீடுகளின் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள்.

இரண்டாவது குணம், எதையும் புதிதாக வாங்கமாட்டார். வாங்கினால் நிரந்தரமாகிவிடும் அல்லவா? நாய்க்குத் தகரத் தட்டில் சோறு வைத்தார்கள். தட்டு சீமெந்தில் உரசிய சத்தம் கூட்டுக் கதவை ஞாபகப்படுத்தியதோ என்னவோ, அது மூலைக்குள் ஒடுங்கிவிட்டது. புதிதாக ஒரு தட்டு வாங்க மறுத்தவர் அலுமாரியைத் திறந்து, தேயிலை ருசி பார்க்கும் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை எடுத்தார். ஓய்வு பெற்றபோது தொழிற்சாலைக்காரர்கள் கொடுத்தது. மருமகன் வந்தபோதுகூட வெளியே எடுக்காதது.

“என்னங்க, அந்தக் கோப்பையா?”

“இப்போதைக்கு வேற ஏனம் இல்லையே ராணி.”

பாத்திரங்கள் அடுக்கிய அலுமாரித் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னார்.

ஒரு நாள் காலையில் அவர் வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோவாப் பாத்திக்கு விட வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது வழக்கமான இருமல் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, இரண்டு முறை தடுக்கி, மூன்றாவது முறை வெளியே குதிக்கும் இருமல். விறாந்தையில் தன் சதுரத்தை அளந்துகொண்டிருந்த நாய் நின்றது. சதுரத்தை விட்டு வெளியே வந்தது. படியிறங்கி, அந்த நெருப்பு போன்ற புல்லின் மேல் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து வந்து, அவருடைய பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. வாளி நிறைந்து வழிந்தது. அவர் நகரவில்லை. அன்று முதல் இருமல் அதிகமானது. காற்றில் ஈரம் என்றார்.

இரண்டு கிழமை என்ன, பருவமழை வந்து போனது. நாயைக் கேட்டு ஆட்களும் வந்தார்கள். இங்கேதான் மூன்றாவது குணம். இப்போதைக்குக்காரர் பொருளை விட்டுக்கொடுக்கத் தயாராகவே இருப்பார். வாங்க வருகிறவர்தான் தகுதியாக அமையமாட்டார். அந்தக் காலத்தில் கொழுந்துக் கூடைக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியிலே முற்றல் இருக்கிறதா என்று பார்த்த மனிதர், அதே கையால் வந்தவர்களையும் கிளறிப் பார்த்தார். ஃபோன் கடை வைத்திருந்த சுமனின் வீட்டில் படிகள் அதிகம் என்று மறுத்தார். தம் வீட்டுக்கு அவரே மூச்சு வாங்கித்தான் ஏறுவார் என்பது வேறு விஷயம். கலவானையிலிருந்து வந்த விடுதிக்காரரிடம், “உங்க இடத்துக்கு வெள்ளைக்காரங்க வருவாங்க. அதுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க” என்றார். “அனே பவ்” என்று சிங்களத்தில் இரக்கப்பட்டுக் கண் கலங்கிய அம்மாளை, நாய்க்குப் பாவம் பார்க்கிறவர் வேண்டாம், சோறு போடுகிறவர்தான் வேண்டும் என்று அனுப்பிவிட்டார். கண் கலங்காமல் சோற்றைப் பற்றி மட்டும் விசாரித்தவரைக் கல்நெஞ்சு என்றார்.

“அங்கிள், நீங்க பொண்ணு கட்டிக் குடுக்கலை” என்றாள் தனுஜா. “நாய் குடுக்குறீங்க.”

“பொண்ணு வாயத் தொறந்து சொல்லிரும். இது சொல்லுமா?”

தனுஜா அடுத்த முறை குணேஸ்வரியைக் கூட்டிவந்தாள். பலாங்கொடையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. ஒரு வருடத்துக்கு என்று வவுனியாவிலிருந்து இடமாற்றம் பெற்று வந்து, வந்த வருடத்தையே மறந்துவிட்டவர். கூடவே கணவர் கேதீசன், பிரதேச செயலகத்தில் உத்தியோகம். இந்திரகுமார் கிளறத் தொடங்கினார்.

“வீட்டுல படி இருக்குதுங்களா டீச்சர்?”

“ஒண்டும் இல்லை ஐயா. சமதரை. சுத்தவர மதிலும் இருக்கு.”

“பகல்ல யாரு பாத்துக்குவா?”

“இவர் மத்தியானம் சாப்பிட வருவார். பள்ளிக்கூடம் விட நான் வந்திடுவன்.”

“அது சத்தம் போடாதுங்க. குரைக்கவே குரைக்காது.”

“நாள் முழுக்கப் பிள்ளையளோட கத்திப்போட்டு வாறன் ஐயா. எனக்கு அதுதான் வேணும்.”

கூடையின் அடிவரைக்கும் தளிர். முற்றல் ஒன்றுமில்லை. மறுக்கக் காரணமில்லாதபோது மறுக்கும் பழக்கம் இந்திரகுமாருக்கில்லை. அந்த அளவுக்கு அவர் நேர்மையான மனிதர். சரி என்றார். சனிக்கிழமை வரச்சொன்னார்.

சனிக்கிழமை காலையில் ஜீவராணி பீங்கான் கிண்ணத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்தார். இந்திரகுமார் அதை அவிழ்த்துத் துடைத்துவிட்டு மறுபடியும் சுற்றினார். அன்று அவர் இருமவில்லை. கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று, வந்த இருமலையெல்லாம் விழுங்கிக்கொண்டு நின்றார்.

“கஷ்டமா இருந்தா சொல்லிருங்க” என்றார் ஜீவராணி.

“எனக்கென்ன கஷ்டம்? நம்ம நாயா அது?”

தோட்டத்தில் ஒரு டீமேக்கர் மாறிப் போகும்போது ஒரு முறை உண்டு. போகிறவர் வருகிறவரை அழைத்துக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றிவருவார். ஒவ்வொரு மெஷினையும் தொட்டுக் காட்டி, எங்கே முனகும், எப்போது சூடேறும் என்று சொல்லி, வருகிறவர் தம் கையாலேயே அதை ஓட்டிக் காட்டிய பிறகுதான் அது கைமாறும். ஒரு மெஷின் ஓடாவிட்டாலும் மொத்தப் பொறுப்பும் போகிறவர் தலையில்தான். இதற்கு ‘ஹேண்டிங் ஓவர்’ என்று பெயர். இந்திரகுமாருக்கு வேறு விதமாக ஒப்படைக்கத் தெரியாது.

கிண்ணத்தை எங்கே வைக்கவேண்டும் என்று காட்டினார். குணேஸ்வரி வைத்தார், நாய் சாப்பிட்டது. விளக்குமாறு தெரியக்கூடாது, குடையை அதன் முன்னால் விரிக்கக்கூடாது, தூங்கும்போது வானொலி மெதுவாகப் பாடவேண்டும் என்றார். குணேஸ்வரி ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். எல்லா மெஷினும் ஓடின.

“இனி ஒண்டுதான் ஐயா. கூப்பிட்டால் வருவாவோ?”

“பேரு வைக்கலைங்களே.”

“அப்ப எப்பிடிக் கூப்பிடுறனீங்கள்?”

இந்திரகுமார் தயங்கினார். பிறகு காலையிலிருந்து அடக்கிவைத்த இருமலை விடுதலை செய்தார். கொல்லைப்புறத்திலிருந்த எக்டிங்கம்மா ஓடிவந்து அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்தது.

குணேஸ்வரி இருமிப் பார்த்தார். நாய் அசையவில்லை. கேதீசன் தொண்டையைச் செருமினார். நாய் கொட்டாவி விட்டது.

“இது மேல்தொண்டை இருமல் சேர்” என்றார் இந்திரகுமார், உண்மையான அக்கறையோடு. “நெஞ்சுக்கு அடியில இருந்து எழும்பணும். ரெண்டு தரம் தடுக்கணும்.”

ஒரு ஆசிரியையும் ஒரு அரசாங்க உத்தியோகத்தரும் ஒரு ஓய்வுபெற்ற டீமேக்கரும் மாறி மாறி இருமிக்கொண்டிருந்த அந்த வீட்டைத் தாண்டிப் போனவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஜீவராணி எல்லோருக்கும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். ஒரு மெஷின் ஓடவில்லை. ஆகவே கையளிப்பு நிறைவேறவில்லை. ஆகவே பொறுப்பு இந்திரகுமாருடையது. இதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த சனிக்கிழமை அவர் இன்னும் கவனமாகவே சொல்லிக்கொடுத்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஜீவராணி கிண்ணத்தைத் தாளில் சுற்றி வைத்தார்; அவர்கள் தேநீர் குடித்தார்கள், இருமினார்கள், பஸ்ஸுக்குப் போனார்கள். இப்படியே பழகிப்போன நேரத்தில் ஒரு நாள் கேதீசன் மழையில் நனைந்து வந்தார். விறாந்தையில் நின்று தலையைத் துவட்டும்போது, எந்த முயற்சியும் இல்லாமல் அவருக்கு ஒரு இருமல் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து. இரண்டு தரம் தடுக்கி.

நாய் எழுந்தது.

அது கேதீசனை நோக்கி ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு. வால்கூட லேசாக அசைந்தது. பாதி விறாந்தையைக் கடந்துவிட்டது. இந்திரகுமார் கூரையின் மூலையைப் பார்த்துக்கொண்டு, நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பிறகு இருமினார்.

அது தேயிலைத் தூசியின் இருமலா, வேறெதுவுமா என்று நாம் விசாரிக்க வேண்டாம். நாய் நின்றது, திரும்பியது, ஓடிவந்து தன் இடத்தில், அந்தப் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்து, கேதீசனைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரைத்தது.

குணேஸ்வரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, இது சரிவராது. நாங்கள் இருமிப் பழகிறதுக்குள்ள எனக்கு ஊருக்கு மாற்றம் வந்திடும். இவவின்ர பொறுப்பு உங்களிட்டையே இருக்கட்டும்.”

இந்திரகுமார் குனிந்து நாயின் காதுக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோலத் தேடினார். நிமிர்ந்தபோது முகத்தில் பழைய கண்டிப்பு திரும்பியிருந்தது.

“சரிங்க டீச்சர். நீங்க இவ்வளவு சொல்றதால வச்சிக்கிறேன். ஆனா ரெண்டு கிழமைக்கு மட்டும்.”

அடுப்படியில் பத்திரிகைத் தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. ஜீவராணி பீங்கான் கிண்ணத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

குணேஸ்வரியின் சமதரை வீட்டில் இப்போது இன்னொரு தாய் நாய் இருக்கிறது, அதே கூடுகளிலிருந்து வந்தது. தங்களுக்கு என்றில்லையாம், நல்ல வீடு கிடைக்கும் வரைக்கும்தானாம். போன கிழமை கேட்டு வந்த ஒருவரை, மதிலின் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்றுமில்லை என்கிறீர்கள். நாற்காலிக்கடியில் படுத்திருப்பது பக்கத்து வீட்டுப் பூனை, அவர்கள் ஊரிலிருந்து வரும்வரைக்கும் என்கிறீர்கள். மேல் அறையில் இருக்கும் மச்சான் வேலை கிடைத்ததும் போய்விடுவார் என்கிறீர்கள். இருக்கட்டும், நான் எதிர்த்துப் பேசவில்லை. எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். இருக்கிற இடத்திலிருந்தே, சும்மா, ஒரு முறை இருமிப் பாருங்கள்.